டிரம்ஸ் ஆரம்பித்ததும் பேஸ் எங்கே போகிறது?

பேஸ் கிட்டாரை ஆம்ப்பில் இணைத்து வீட்டில் வாசித்துப் பார்த்தபோது ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். அதே ஆம்ப்பை ஒத்திகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்மர் நாலு பார் அடித்ததும் என் பேஸ் இருந்த இடமே தெரியவில்லை. வால்யூமைத் திருகத் திருக ஸ்பீக்கர் 'பர்ர்' என்று இருமியதே தவிர சுரம் வெளியே வரவில்லை. புதிதாக பேஸ் கிட்டார் எடுத்தவர்கள் பலர் சீக்கிரமே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். உடனே இன்னும் பெரிய வாட் போட்ட ஆம்ப்பைத் தேடுவார்கள். பணம் வீணாக ஆரம்பிப்பது அங்கேதான். கையில் காசு குறைவு என்றால் முதலில் யோசிக்க வேண்டியது ஸ்பீக்கர் இருக்கும் பெட்டியைப் பற்றி. நம் ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொல்வதுபோல 'பாக்ஸ்' என்றே நானும் சொல்கிறேன்.

முதலில் காது. நாலு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். இந்த அடிமட்டத்தில் நம் காது மந்தம். 1933-இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்து காட்டிய வளைகோடுகள் இதைத்தான் சொல்கின்றன: ஒலியின் அளவு குறையக் குறைய, கீழ்ச்சுரங்கள் காதுக்கு இன்னும் எட்டாமல் போகும். அதனால்தான் வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது பேஸ் குமிழையும் டிரெபிள் குமிழையும் ஏற்றி, நடுவில் இருக்கும் மிட்டை இறக்கிவிடுகிறோம். தனியாகக் கேட்க அமிர்தம். பேண்டோடு வாசிக்கும்போது கீழ்ப்பகுதியில் கிக் டிரம் உட்கார்ந்துகொள்ளும், மேலே சிம்பலும் கிட்டாரும் நிரம்பி வழியும். பேஸுக்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் நடுப்பகுதி. அதையும் நாமே காலி செய்துவிட்டு வந்திருப்போம்.

கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் ராஜா பாட்டு கேட்டிருப்பீர்கள். பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே வழுக்கி இறங்குகிறது என்று அதிலும் தெரியும். அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. 82, 123, 164 என்று மேலே அடுக்கடுக்காக வரும் மேல்சுரங்களைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய சுரத்தை மூளை தானே போட்டுக்கொள்கிறது. பேஸ் பாக்ஸ் செய்பவர்களின் பிழைப்பே இந்தச் சலுகையில்தான் ஓடுகிறது.

பேஸ் உலகத்தின் பட்டத்து யானை என்று ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்விடி வகையைச் சொல்லலாம். 1969-இல் வந்தது. 300 வாட் வால்வ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்), அதற்கென்று எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் அடைத்த, நாலடி உயரப் பெட்டி. உருவத்தைப் பார்த்து அதற்கு 'ஃபிரிட்ஜ்' என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைய 8×10 பெட்டியின் விவரத் தாளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஒலி சரியத் தொடங்கிவிடும், 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடும். அதாவது ஈ கம்பியின் அடிப்படைச் சுரத்தை இந்த யானையே முழுதாகத் தருவதில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக உலகம் 'ஆகா, என்ன அடி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே கடையில் '35 ஹெர்ட்ஸ் வரை போகும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். எத்தனை டெசிபல் குறைந்த பிறகு அந்த 35 என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

இனி வாட் கணக்கு. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். ஃபெண்டரின் ரம்பிள் 500 காம்போவை, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஸ்பீக்கரோடு மட்டும் ஓடும்போது 350 வாட், வெளியே இன்னொரு பாக்ஸ் இணைத்தால் 500 வாட். காகிதத்தில் 150 வாட் பெரிய வித்தியாசம். வாட்டால் மட்டும் கூடுவது ஒன்றரை டெசிபல், காது கவனிப்பதே சந்தேகம். இன்னொரு பாக்ஸ் சேர்த்ததும் ஒலி நிஜமாகவே எழுகிறதே என்றால், அது கூடுதல் ஸ்பீக்கர் தள்ளுகிற காற்றின் வேலை.

விவரத் தாளில் பலரும் பார்க்காமல் தாண்டிப்போகும் ஓர் எண் உண்டு, உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 94 டெசிபல் பாக்ஸ் ஒன்று, 100 டெசிபல் பாக்ஸ் ஒன்று. முதலாவதில் 400 வாட் கொடுத்து எடுக்கும் சத்தத்தை இரண்டாவது 100 வாட்டில் கொடுத்துவிடும். பாக்ஸின் முதுகில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் '600 வாட்' என்பதற்கு அர்த்தமே வேறு. அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் 'வாய்ஸ் காயில்' என்ற கம்பிச் சுருள் கருகாமல் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்ற கணக்கு. கீழ்ச்சுரங்களில் கோன், அதாவது காற்றைத் தள்ளும் கூம்பு, முன்னும் பின்னும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கும். எழுதியிருக்கும் வாட்டை எட்டுவதற்கு வெகு முன்பே அது தன் எல்லையில் போய் முட்டும். நான் முதலில் சொன்ன 'பர்ர்' அதுதான்.

அப்படியானால் சின்னதாக, சத்தமாக, அடி ஆழமாக ஒரு பாக்ஸை யாராவது செய்துவிட வேண்டியதுதானே? முடியாது. கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957-இல் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜே. ஆன்டன் ஹாஃப்மன் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 'ஹாஃப்மனின் இரும்பு விதி' என்று பெயர். பெட்டியின் அளவு, உணர்திறன், கீழே எவ்வளவு தூரம் இறங்கும் என்பது, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெட்டி சின்னது, அடியும் ஆழம் என்றால் உணர்திறன் படுத்துவிடும், அதை ஈடுகட்ட ஏகப்பட்ட வாட் தேவை. கார் சப்வூஃபர் அந்த ஜாதி. ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 10 அங்குலக் கார் சப்வூஃபர் இரண்டை வாங்கிவந்து தச்சரிடம் பெட்டி அடித்தவர் ஒருவர் எனக்கு நெருக்கமானவர். வேலைப்பாடு பிரமாதம். அந்த ஸ்பீக்கரின் உணர்திறன் 86 டெசிபல், மேடைக்கென்று செய்த ஸ்பீக்கருக்கு 96. பத்து மடங்கு வாட் கொடுத்தால்தான் சமம். டிரம்ஸுக்கு முன்னால் அது சிற்பம் மாதிரி அழகாக உட்கார்ந்திருந்தது.

அங்குலக் கதைக்கு வருவோம். '15 என்றால் அடி, 10 என்றால் பஞ்ச்' என்பது வழிவழியாக வரும் பேச்சு. இது வேரில்லாத பேச்சும் இல்லை. 1952-இல் வந்த ஃபெண்டர் பேஸ்மேனில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, சில வருடத்திலேயே அது நாலு 10 அங்குலமாக மாறியது, அன்று முதல் இந்த இரண்டு கட்சிகளும் இருக்கின்றன. ஆனால் கோனின் பரப்பை அளந்தால் வேறு விஷயம் தெரியும். ஒரு 10 அங்குல ஸ்பீக்கரின் உழைக்கும் பரப்பு சுமார் 350 சதுர செ.மீ. 12 அங்குலத்துக்கு 530 அளவில், 15 அங்குலத்துக்கு 860 அளவில். ஆக 4×10 பெட்டியின் பரப்பு 1,400, ஒற்றைப் பதினைந்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது இந்தப் பரப்பையும் கோன் ஓடும் தூரத்தையும் பெருக்கினால் வருவது. சுரத்தின் நிறத்தை முடிவு செய்வது ஸ்பீக்கரின் வடிவமைப்பும் அதற்கேற்ற பெட்டி அளவும். அந்தப் பொருத்தத்தை 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மாலும் சூத்திரமாக்கிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகச் செய்த 1×12, மோசமாகச் செய்த 1×15-ஐவிடக் கீழே இறங்கும். 15 ஒன்றும் 4×10 ஒன்றும் அடுக்கி வைப்பதும் பார்க்கக் கம்பீரம்தான். வெவ்வேறு குணமுள்ள இரண்டு பெட்டிகள் சில சுரங்களில் கைகோக்கும், சில சுரங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எந்தச் சுரத்தில் எது என்று வாங்கும் முன் சொல்ல ஆள் கிடையாது.

சரி, எதை வாங்குவது? என் பதில் நேரடியானது. ஒரே வகைச் சின்னப் பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஓம் (ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு). இன்று ஒன்றை வாங்குங்கள், காசு சேர்ந்ததும் அதன் இரட்டையை வாங்குங்கள். 1×12 என்றாலும் சரி, 2×10 என்றாலும் சரி. ஏன் 8 ஓம்? இன்றைய டிரான்சிஸ்டர், கிளாஸ் டி ஹெட்களில் பெரும்பாலானவை குறைந்தது 4 ஓம் வரைதான் தாங்கும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம், கணக்கு கச்சிதம். முதல் பாக்ஸையே 4 ஓமாக வாங்கிவிட்டால் ஹெட்டின் வாசல் அங்கேயே அடைபட்டது. அடுத்த 4 ஓம் பாக்ஸைச் சேர்த்தால் 2 ஓம், 8 ஓம் பாக்ஸைச் சேர்த்தால் 2.67. இரண்டிலும் ஹெட் சூடாகி நின்றுவிடும், அல்லது புகையும். இரண்டாவது பாக்ஸ் வந்ததும் கோன் பரப்பு இரட்டிப்பதால் 3 டெசிபல், ஓம் குறைவதால் ஹெட் கூடுதலாகத் தரும் வாட்டால் இன்னொரு 2 அல்லது 3. மொத்தம் கிட்டத்தட்ட 6 டெசிபல். அதே சத்தத்தை வாட்டால் மட்டுமே எடுப்பதென்றால் நாலு மடங்கு பெரிய ஆம்ப் வேண்டும், பழைய பாக்ஸ் அதைத் தாங்கவும் வேண்டும்.

தூக்குவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபெரைட் காந்தம் போட்ட 4×10 பெட்டி 35 முதல் 45 கிலோ வரும். ஒத்திகை அறைகள் ஏனோ மூன்றாவது மாடியில்தான் இருக்கின்றன, லிஃப்ட் இருந்தால் அன்றைக்கு வேலை செய்யாது. நியோடிமியம் காந்தம் 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவானது. இப்போது அது போட்ட 1×12 பெட்டிகள் 12, 15 கிலோவில் கிடைக்கின்றன, ஒரு கையில் பாக்ஸ், தோளில் கிட்டார் என்று படி ஏறிவிடலாம். விலை கூடுதல்தான். ஆனால் 4×10-க்கு ஒவ்வொரு முறையும் குட்டியானை பிடிக்க வேண்டும், ஒற்றைப் 12 ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து வரும். வருடத்துக்கு இருபது நிகழ்ச்சி என்றால் வண்டி வாடகையையும் பாக்ஸ் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்றையும் உள்ளதுபடி சொல்லிவிட வேண்டும். திருமண வரவேற்பிலோ கோயில் திருவிழாவிலோ இன்னிசைக் கச்சேரி வாசிப்பவருக்குப் பெரிய பாக்ஸே தேவையில்லை. அங்கே பேஸ் 'டிஐ பாக்ஸ்' என்ற சின்ன இணைப்புக் கருவி வழியாக மிக்சருக்குப் போய்விடும், ஜனங்கள் கேட்பது சவுண்ட் சர்வீஸ்காரர் நிறுத்திய கோபுரங்களை. உங்கள் பாக்ஸ் உங்களுக்கும் டிரம்மருக்குமான மானிட்டர் மட்டும், 1×12 தாராளம். மேடையில் அதை அதிகம் ஏற்றினால் பாடகரின் மைக்கில் புகுந்து, மிக்சரில் இருப்பவரின் சாபத்தைத்தான் வாங்கித் தரும். பாக்ஸ் தன் சொந்தத் தெம்பில் நிற்க வேண்டிய இடங்கள் வேறு: ஒத்திகை அறை, கல்லூரி அரங்கு, சர்ச், மைக்கில் பாட்டு மட்டுமே போகும் சின்ன ஹால். அந்த இடங்களில் சாதாரணமாக அடிக்கிற டிரம்மர் இருந்தால் 2×10 ஒன்று சமாளிக்கும், ராக் என்றால் இரட்டை வேண்டும்.

காசு நிஜமாகவே குறைவு என்றால் பழைய பாக்ஸ்தான் வழி. ஆம்ப் பழசாக வாங்கப் பயம் இருக்கலாம். பாக்ஸுக்குள் ஒயரும் காந்தமும் காகிதமும்தான், அரைமணி நேரத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும். பையில் நாலு சாமான் போதும்: மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, டார்ச், உங்கள் பேஸ்.

ஸ்பீக்கர் கேபிளை பாக்ஸில் சொருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம் பாக்ஸ் சுமார் 6 காட்டும், 4 ஓம் பாக்ஸ் மூன்றேகால் போலக் காட்டும். மீட்டர் அளப்பது வெறும் ஒயரின் தடை என்பதால் குறைவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். 8 ஓம் 2×10 பெட்டியில் 12 காட்டினால் இணையாக இருக்கும் இரண்டில் ஒன்று செத்துவிட்டது. எதுவுமே காட்டாவிட்டால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. அடுத்து அந்தக் கேபிளின் முனையில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப் என்று கோன் முன்னால் வரும், அல்லது உள்ளே போகும். எந்தப் பக்கம் என்றாலும் எல்லாக் கோன்களும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒன்று முன்னே வந்து இன்னொன்று பின்னே போனால், ரிப்பேர் செய்தவர் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கீழ்ச்சுரங்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். அப்படி ஒரு பாக்ஸ் 'அடியே இல்லை' என்ற அவப்பெயரோடு பாதி விலைக்கு வந்தது. ஒயரை மாற்றிப் போட இரண்டு நிமிடம் ஆனது. வாங்கியவர் இன்றுவரை விற்றவரிடம் அதைச் சொல்லவில்லை.

பிறகு கிரில்லைக் கழற்றி, விரல்களை விரித்து வைத்துக் கோனைச் சீராக மெல்ல அமுக்குங்கள். வழுவழுவென்று போய்வர வேண்டும். மணல் உரசுவதுபோல் சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் தேய்கிறது, விட்டுவிடுங்கள். டார்ச் அடித்து ஓரத்து ரப்பர் அல்லது துணி வளையத்தில் கீறல் பாருங்கள். பெட்டியில் காற்றுப் போய்வர விட்டிருக்கும் போர்ட் ஓட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தால் கருகின வாசனை காட்டிக்கொடுக்கும். பெட்டியின் அடிப்பாகம் மிக முக்கியம், மழைத் தண்ணீரில் நின்ற துகள் பலகை ஊதிப்போய் மூலையில் பிளந்திருக்கும், கரையான் வேறு. கடைசியாக ஈ கம்பியின் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மேலே ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கிடுகிடு என்று ஆடினால் பெரும்பாலும் தளர்ந்த திருகுதான். எல்லாச் சுரத்திலும் ஆடினால் பிசின் விட்டுப்போன பெட்டி. மேல்சுரங்களுக்கென்று இருக்கும் குட்டி ஸ்பீக்கரான ஹார்ன் வேலை செய்யாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அது இல்லாமலும் பேஸ் வாசிக்கலாம், டிஸ்டார்ஷன் பெடல் போடுபவர்கள் எப்படியும் அதை அணைத்துத்தான் வைப்பார்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். கிட்டாருக்குப் போடும் ஒயரும் ஸ்பீக்கர் ஒயரும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். கிட்டார் ஒயரின் உள்ளே முடி மாதிரி மெல்லிய கம்பி, 300 வாட் ஆம்ப்பில் அது சூடேறி உருகினால் ஷார்ட் ஆகி ஹெட்டையும் கூட்டிக்கொண்டு போகும். பாக்ஸில் நியூட்ரிக்கின் ஸ்பீக்கான் சாக்கெட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், திருகிப் பூட்டிக்கொள்ளும், காலில் இடறினாலும் கழலாது.

தச்சரை வைத்துச் செய்துகொள்ளும் யோசனையை நான் கேலி செய்யவில்லை. எமினென்ஸ், செலஸ்டியன் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, போர்ட் எவ்வளவு நீளம் என்று விவரத் தாளிலேயே கொடுத்துவிடுகின்றன. வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டுச் சரிபார்க்கலாம். நல்ல ப்ளைவுட்டில், உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்து, மூட்டுகளில் காற்றுப் புகாமல் அடைத்துச் செய்தால் இறக்குமதிப் பெட்டிக்குச் சளைக்காது. தச்சர் 'பார்க்க இப்படி இருந்தால் லட்சணம் சார்' என்று அகலத்தில் இரண்டு அங்குலம் குறைக்க வரும்போது மட்டும் இரும்பு விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாக்ஸ் வந்த பிறகு வைக்கும் இடம் பாதி வேலை. ஸ்பீக்கரின் முகத்துக்கும் பின்சுவருக்கும் ஏறக்குறைய 1 மீட்டர் இடைவெளி இருந்தால், பின்பக்கம் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் அலையை அமுக்கிவிடும். டி கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் எஃப் 87 ஹெர்ட்ஸ். எல்லாச் சுரமும் ஒழுங்காகப் பேச, அது மட்டும் பல் விழுந்ததுபோல் பொக்கையாக இருக்கும், கிட்டாரைக் குறை சொல்வோம். பாக்ஸைச் சுவரோடு தள்ளி வையுங்கள், பொக்கை மேலே எங்கோ போய்விடும். 2×10 பெட்டியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் நடுச்சுரங்கள் அறையின் இரு பக்கமும் பரவும், மேல் ஸ்பீக்கர் காதுக்குக் கொஞ்சம் பக்கத்திலும் வரும். முழங்காலுக்குக் காது கிடையாது. தரையில் பாக்ஸை வைத்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு 'எனக்கே கேட்கவில்லை' என்று வால்யூமை ஏற்றுபவரால், எதிரே பத்தடி தள்ளி நிற்கும் கீபோர்டுக்காரருக்குக் காது அடைத்துப்போகும். ஒத்திகை அறையில் நான் பாக்ஸைப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றின் மேல் ஏற்றி வைக்கிறேன். மிட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். வால்யூம் குமிழ் இப்போது முன்பு இருந்ததில் பாதியில் நிற்கிறது.